'சென்சிட்டிவ் ஸ்கின்'னு போட்ட ஆறு பாட்டில் மாத்தியும் அரிப்பு நிக்கல, நான் எதைத்தான் தடவுறது டாக்டர்?

வாசகி ஒருத்தங்க நீளமா எழுதியிருக்காங்க, ஆளை அடையாளம் காட்டுற விவரத்தையெல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வயசு 34, நாள் முழுக்க ஏசில உக்காந்து பாக்குற வேலை. ஒரு வருஷமா முட்டிக்குக் கீழ ரெண்டு காலும், கையோட வெளிப்பக்கமும் வறண்டுபோய் நகத்தால லேசா கீறினாலே வெள்ளைக்கோடு விழுற அளவுக்கு ஆயிடுச்சு, ராத்திரி படுத்தா அரிப்பு. எட்டு மாசத்துல ஆறு மாய்ஸ்சரைசர் மாத்தியிருக்காங்க, ஆறுலயும் 'சென்சிட்டிவ் ஸ்கின்', 'ஹைப்போஅலர்ஜெனிக்', 'நேச்சுரல்' இதுல ஏதோ ஒண்ணு போட்டிருந்துச்சாம். முதல் ரெண்டும் தடவின ரெண்டாவது நிமிஷமே எரிஞ்சது, நடுவுல மூணு 'ஒரு பலனும் தெரியல'ன்னு பாதியிலயே விட்டாச்சு, கடைசியா வாங்கின லாவெண்டர் வாசனை பேபி லோஷன் ரெண்டு நாள் இதமா இருந்துட்டு மூணாம் நாள் ரெண்டு கையிலயும் சிவப்பா பொரிப்பொரியா கிளம்பிடுச்சு.

ஃப்ரெண்ட் ஒருத்தங்க 'எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ'ன்றாங்க, இன்னொருத்தங்க 'எல்லாத்தையும் நிறுத்து, தோல் சோம்பேறியாயிடும்'ன்றாங்க, வீட்டுக்காரர் ஆலிவ் ஆயில் தடவச் சொல்றார். க்ரீம் கெட்டுப்போகாம இருக்கச் சேக்குற பாரபென் இருந்தா ஆபத்துன்னு பயம் வேற. ஆறு வயசு பொண்ணுக்கும் இதே மாதிரி வறண்ட தோல், அவளுக்கும் இதையே தடவலாமான்னு கேக்குறாங்க. கடைசி வரியில 'என் தோலே எனக்கு எதிரியாயிடுச்சு டாக்டர், ஒரே ஒரு நல்ல பிராண்ட் பேர் சொல்லுங்க, போதும்'னு முடிச்சிருக்காங்க.

வணக்கம்மா. அந்தக் கடைசி வரியை ரெண்டு தடவை படிச்சேன். ராத்திரி தூக்கம் இல்லாம சொறிஞ்சுக்கிட்டே கிடக்குறது எவ்ளோ கஷ்டம்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்குப் புரியாது, 'வறண்ட தோல்தானே'ன்னு ஈஸியா சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க தோல் உங்களுக்கு எதிரி இல்ல, அது அடிபட்டிருக்கு, அடிபட்ட இடத்துல வாராவாரம் புதுசு புதுசா எதையாவது போட்டு நீங்க அதை ஆறவிடல, அவ்ளோதான்.

பிராண்ட் பேர் நான் சொல்லப்போறதில்ல, கோவிச்சுக்காதீங்க. ஒரே பேர்ல வர்ற லோஷன் நாட்டுக்கு நாடு வேற ஃபார்முலாவா இருக்கும், டப்பா மாறாம உள்ள இருக்கிற சரக்கு மாறவும் செய்யும், நான் இன்னிக்கு சொல்ற பேர் அடுத்த வருஷம் உங்களுக்கு ஒத்துக்காமப் போகலாம். அதுக்குப் பதிலா பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லித் தர்றேன், அது எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

உங்க தோல்ல என்னதான் நடக்குது

தோலோட ஆக மேல இருக்கிற அடுக்கு ஒரு மில்லிமீட்டர்ல ஐம்பதுல ஒரு பங்குகூட பல இடத்துல வராது, அவ்ளோ மெல்லிசு. அதை ஒரு செங்கல் சுவர் மாதிரி நினைச்சுக்கோங்க, செத்த செல்லுங்க செங்கல், நடுவுல பூசியிருக்கிற கொழுப்பு சாந்து. அந்தச் சாந்துல ஏறக்குறைய பாதி செராமைடுங்கிற கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். சாந்து கரைஞ்சா உள்ள இருக்கிற ஈரம் வெளிய ஆவியாப் போகும், வெளிய இருக்கிற சோப்பு, வாசனைப் பொருள் எல்லாம் உள்ள இறங்கும், கீழ இருக்கிற நரம்பு முனைங்க சும்மா தொட்டாலே கத்தும். முட்டிக்குக் கீழ எண்ணெய்ச் சுரப்பிங்க ரொம்பக் கம்மி, அதனாலதான் எல்லாருக்கும் வறட்சி அங்கதான் முதல்ல தெரியும், ஏசி காத்துல ஈரமும் கம்மியா இருக்கிறதால அது இன்னும் வேகமா நடக்கும்.

சில பேருக்குச் சுவர் பிறவியிலேயே கொஞ்சம் லேசு. ஃபிலாக்ரின்னு ஒரு புரதம், அதோட ஜீன்ல குறை இருந்தா தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்க முடியாம எக்ஸிமா, அதாவது தோல் சிவந்து அரிக்கிற வியாதி, வர வாய்ப்பு அதிகம்னு 2006ல கண்டுபிடிச்சாங்க, இது குடும்பத்துல வரக்கூடியது. உங்க பொண்ணுக்கும் அதே வறட்சின்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது இதுதான். நீங்க எதையும் தப்பா சாப்பிட்டோ தண்ணி கம்மியா குடிச்சோ வந்தது இல்ல இது.

'சென்சிட்டிவ் ஸ்கின்'ங்கிறதும் ஒரு வியாதியோட பேர் இல்ல. சாதாரணமா யாரையும் ஒண்ணும் பண்ணாத விஷயத்துக்கு எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி வர்றதைத்தான் அப்படிச் சொல்லணும்னு 2017ல அரிப்பு பத்தி ஆராய்ச்சி பண்ற டாக்டருங்க கூடி ஒரு வரையறை வச்சாங்க. அதுக்குக் காரணம் வெறும் வறட்சியாவும் இருக்கலாம், எக்ஸிமாவாவும் இருக்கலாம், அலர்ஜியாவும் இருக்கலாம்.

எரிச்சல் வேற, அலர்ஜி வேற

உங்களுக்கு ரெண்டும் நடந்திருக்குன்னுதான் நினைக்கிறேன், இது ரொம்ப முக்கியம்மா, நிதானமாப் படிங்க. முதல் ரெண்டு லோஷன் தடவின உடனே எரிஞ்சதுன்னு சொன்னீங்கல்ல, அது எரிச்சல். வெடிச்ச தோல்மேல யூரியா, லாக்டிக் ஆசிட், ப்ரொபிலீன் கிளைகால், ஆல்கஹால் மாதிரி ஏதாவது பட்டா யாருக்கா இருந்தாலும் எரியும், அந்தப் பொருள் கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, தோல் அப்போ தயாரா இல்ல. ஆனா மூணாம் நாள் பொரிப்பொரியா வந்துச்சே, அது வேற கதை. தோல்ல வர்ற அலர்ஜி பெரும்பாலும் உடனே காட்டாது, ஒண்ணுல இருந்து மூணு நாள் கழிச்சுத்தான் கிளம்பும், அதுக்கு உடம்பு அந்தப் பொருளை முன்னாடியே எங்கயோ பாத்துப் பழகியிருக்கணும். முன்னாடி போட்ட அஞ்சுல எத்தனைல வாசனை இருந்துச்சுன்னு நீங்க எழுதல, ஆனா அநேகமா ஒண்ணு ரெண்டுலயாவது இருந்திருக்கும், அங்க பழகினதுதான் இங்க வெடிச்சிருக்கலாம்.

இதுல எல்லாரும் தப்பா நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு, 'இதை நான் வருஷக்கணக்கா போடுறேன், இதனால இருக்காது'ன்னு. அலர்ஜி அப்படித்தான் வரும், பல வருஷம் ஒத்துக்கிட்ட பொருள் ஒரு நாள் ஒத்துக்காமப் போகும். அதனால சோப்பு, ஷாம்பூ, துணி துவைக்கிற லிக்விட், பர்ஃப்யூம் எதையும் பழசுன்னு சொல்லி லிஸ்ட்ல இருந்து எடுத்துடாதீங்க.

எரிஞ்சா வேலை செய்யுதுன்னு சொன்ன ஃப்ரெண்டு நல்ல மனசோட சொல்லியிருப்பாங்க, ஆனா மாய்ஸ்சரைசருக்கு அது பொருந்தவே பொருந்தாது. ரொம்ப வெடிச்ச தோல்ல சாதா க்ரீம்கூட முதல் ஒண்ணு ரெண்டு நாள் சில நிமிஷம் லேசா சுருசுருன்னு இருக்கலாம், நாளுக்கு நாள் குறைஞ்சா பரவால்ல. குறையலைன்னாலோ சிவந்தாலோ உடனே கழுவிடுங்க, பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிறதுல ஒரு லாபமும் இல்ல. இன்னொரு ஃப்ரெண்டு சொன்ன 'சோம்பேறி'யும் சரியில்ல, மாய்ஸ்சரைசருக்குத் தோல் அடிமையாகாது, நிறுத்தினதும் வறட்சி திரும்ப வர்றதுக்குக் காரணம் அந்தச் சுவர் இன்னும் லேசா இருக்கிறதுதான்.

முன்பக்கத்தை நம்பாதீங்க, பின்பக்கத்தைப் படிங்க

'ஹைப்போஅலர்ஜெனிக்'னு போட்டா அலர்ஜியே வராதுன்னு நீங்க நம்பினது தப்பே இல்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான் நம்புவாங்க. ஆனா அமெரிக்காவுல மருந்து, அழகுசாதனப் பொருளையெல்லாம் கண்காணிக்கிற எஃப்டிஏ 1975ல இந்த வார்த்தையைப் போடணும்னா டெஸ்ட் பண்ணிக் காட்டணும்னு விதி கொண்டு வந்துச்சு, கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போய் 1977ல அந்த விதி ரத்தாயிடுச்சு. அங்க இன்னிக்கு வரைக்கும் அந்த வார்த்தைக்குச் சட்டப்படி ஒரு அர்த்தம் கிடையாது, கம்பெனி எதை நினைச்சுப் போடுதோ அதுதான் அர்த்தம். 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்ட் பண்ணது'ங்கிறதும் அப்படித்தான், எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணாங்க, என்ன ரிசல்ட் வந்துச்சுன்னு அந்த வார்த்தை சொல்லாது.

வாசனை விஷயத்துல ரெண்டு வார்த்தை இருக்கு, கவனமா இருங்க. 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'ன்னா வாசனைப் பொருள் சேக்கலன்னு எடுத்துக்கலாம், 'அன்சென்டட்'னா வாசனை தெரியாதுன்னு மட்டும்தான், மூலப்பொருளோட நாத்தத்தை அமுக்க வேற ஒரு வாசனைப் பொருளைப் போட்டிருக்கலாம். பின்பக்கம் 'பர்ஃப்யூம்', 'ஃப்ராக்ரன்ஸ்', 'அரோமா' மூணுல எது இருந்தாலும் கீழ வச்சிடுங்க. லாவெண்டர் மாதிரி எசென்ஷியல் ஆயிலும் அதே கணக்குதான், செடியில இருந்து வந்ததுன்னா தோலுக்கு சாதுன்னு இல்ல. லாவெண்டர்ல இருக்கிற லினலூல், எலுமிச்சை வகையில இருக்கிற லிமோனீன் ரெண்டும் காத்து பட்டுப் பழசாக ஆக அலர்ஜி கிளப்புற பொருளா மாறும், அதனால அடிக்கடி திறந்து மூடுற பழைய பாட்டில் இன்னும் மோசம். 'பேபி'ன்னு போட்டிருந்ததால அது மென்மையாயிடாது.

பாரபென் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க. அலர்ஜி கணக்குல பாத்தா பாரபென் மிகச் சாதுவான ப்ரிசர்வேட்டிவ், தோல்ல பட்டு வர்ற அலர்ஜியைப் பாக்குற டாக்டருங்களோட அமெரிக்க காண்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி 2019ல அதை 'அலர்ஜி இல்லாத பொருள்'னு எடுத்துச் சொல்லியே அறிவிச்சாங்க. பாரபென் இல்லைன்னு பெருமையா போட்டுட்டு அதுக்குப் பதிலா சேத்த மெத்தில்ஐசோதயசோலினோன்தான் பல பேரைப் படுத்தி எடுத்துச்சு, அதே சொசைட்டி 2013ல அதைத்தான் அந்த வருஷத்து அலர்ஜிப் பொருளா சொன்னாங்க, ஐரோப்பிய யூனியன்ல 2017ல இருந்து தடவிட்டு அப்படியே விடுற க்ரீம்ல அதைப் போடவே கூடாது. லேபிள்ல அந்தப் பேர் இருந்தா வேண்டாம். லானோலின், அதாவது ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்கிற கொழுப்பு, நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஆனா எக்ஸிமா இருக்கிறவங்கள்ல சிலருக்கு ஒத்துக்காது, உங்க நிலைமைக்கு இப்போதைக்கு அதையும் தள்ளி வைங்க.

லிஸ்ட் எந்த வரிசையில இருக்கும்னா, எது அதிகமோ அது முதல்ல, ஒரு சதவீதத்துக்குக் கீழ போனதுக்கு அப்புறம் எந்த வரிசையில வேணா போடலாம். 'செராமைடு இருக்கு'ன்னு முன்னாடி கொட்டை எழுத்துல போட்டுட்டு லிஸ்ட்ல கடைசி மூணுல அது இருந்தா, எவ்ளோ இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

அப்போ என்னதான் இருக்கணும்

நல்ல மாய்ஸ்சரைசர் மூணு வேலை பாக்கும். தண்ணியைப் பிடிச்சு வைக்க கிளிசரின் மாதிரி ஒண்ணு, சொரசொரப்பை நிரப்ப கொழுப்பு வகை ஒண்ணு, மேல மூடி போட பெட்ரோலியம் ஜெல்லியோ டைமெத்திகோன்ங்கிற சிலிகானோ ஒண்ணு. மூடி போடுறதுல பெட்ரோலியம் ஜெல்லியை அடிச்சுக்க ஆள் இல்ல, 1872ல பேட்டன்ட் வாங்கின பொருள், தோல்ல இருந்து ஆவியாப் போற ஈரத்தைப் பெருமளவு தடுக்கும், வாசனை இல்லாத சுத்தமான ஜெல்லிக்கு அலர்ஜி வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். பிசுபிசுப்பு ஒண்ணுதான் குறை.

லோஷன், க்ரீம், ஆயின்ட்மென்ட்னு மூணு ரூபம் இருக்கு. லோஷன்ல தண்ணி ஜாஸ்தி, தண்ணி ஜாஸ்தின்னா ப்ரிசர்வேட்டிவும் வேணும், அதான் உங்களுக்கு எரியுறதும் 'பலன் தெரியல'ன்னு தோணுறதும். ஆயின்ட்மென்ட்ல தண்ணியே கிட்டத்தட்ட இல்ல, சேர்மானமும் கம்மி. நான் உங்க இடத்துல இருந்தா ராத்திரிக்கு சாதா பெட்ரோலியம் ஜெல்லி, பகல்ல கிளிசரின் போட்ட, வாசனை இல்லாத, கெட்டியான க்ரீம், இந்த ரெண்டோட நிறுத்திக்குவேன். வியர்க்குற நாள்ல ஜெல்லியைக் குறைச்சுக்கோங்க, இல்லைன்னா வேர்க்குரு மாதிரியும் முடிக்கால்ல கொப்புளமாவும் வரும். யூரியா அஞ்சுல இருந்து பத்து சதவீதம் வரைக்கும் வறட்சிக்கு ரொம்ப நல்ல மருந்து, ஆனா வெடிப்பெல்லாம் மூடினதுக்கு அப்புறம்தான்.

வீட்டுக்காரர் அக்கறையா சொன்ன ஆலிவ் ஆயில் மட்டும் வேண்டாம்மா. அதுல ஒலியிக் ஆசிட் அதிகம், அது அந்தச் சாந்தைக் குலைக்கும், 2013ல வந்த ஒரு ஆய்வுல பெரியவங்க கையில சில வாரம் தடவிப் பாத்தப்போ ஆலிவ் ஆயில் தோல் சுவரைப் பலவீனமாக்குச்சு, சூரியகாந்தி எண்ணெய் அப்படிப் பண்ணல. எண்ணெய்னாலே எல்லாம் ஒண்ணு இல்ல.

பாத்ரூம்லயே பாதி வேலை இருக்கு

சுடு தண்ணியில அரை மணி நேரம், நார் போட்டுத் தேய்ச்சாதான் செதில் போகுதுன்னு எழுதியிருந்தீங்க. படிக்கும்போதே எனக்குப் பதறுச்சு. அந்தச் செதில் அழுக்கு இல்ல, அது உங்க சுவர். தோலோட பிஹெச், அதாவது அமிலத்தன்மையோட அளவு, அஞ்சு பக்கம் இருக்கும், சாதாரண கட்டி சோப்பு ஒன்பது பத்து வரைக்கும் போகும், அதைப் போட்டு நாரால தேய்ச்சுட்டு எந்த மாய்ஸ்சரைசர் தடவினாலும் எரியத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சுல இருந்து பத்து நிமிஷம், வாசனையும் சோப்பும் இல்லாத க்ளென்ஸர், அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் மாதிரி தேவையான இடத்துக்கு மட்டும். நாரைத் தூக்கிப் போட்டுடுங்க. டவலால ஒத்தி எடுங்க, ஈரம் முழுசா காயறதுக்குள்ள, ஒரு மூணு நிமிஷத்துக்குள்ள தடவிடுங்க, முடி வளர்ற திசையில கீழ்நோக்கி.

அளவு பத்தி யாரும் சொல்றதில்ல. ஆள்காட்டி விரலோட கடைசிக் கணு நீளத்துக்கு பிதுக்கினா அரை கிராம், அது விரலோட சேத்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான் வரும். ரெண்டு காலுக்கும் ரெண்டு கைக்கும் சேத்து ஒரு தடவைக்கு 9 கிராமாவது வேணும், ரெண்டு வேளைன்னா ஒரு நாளைக்கு 18 கிராம். அப்போ 200 கிராம் டப்பா பதினோரு நாள்ல தீரணும். உங்களுக்கு அந்த நடு மூணு பாட்டிலும் 'பலன் தெரியல'ன்னு ஆனதுக்கு இதுகூடக் காரணமா இருக்கலாம், விலை ஜாஸ்தியான சின்ன பாட்டிலைப் பொத்திப் பொத்தி தடவுறதைவிட சாதாரணமான பெரிய டப்பாவை தாராளமா தடவுறது எவ்ளோவோ மேல்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது

ஆறு பாட்டிலையும் ஓரமா வைங்க, தூக்கிப் போடாதீங்க. ரெண்டு வாரம் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும். கொஞ்சம் அடங்கினதும் புதுசா ஒரே ஒரு க்ரீம் வாங்கி, முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சின்ன இடத்துல காலைலயும் ராத்திரியும் ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாருங்க. ஒரே ராத்திரி தடவிப் பாத்துட்டு 'ஒண்ணும் ஆகல'ன்னு முடிவு பண்ணாதீங்க, உங்க பேபி லோஷனும் ரெண்டு நாள் ஒண்ணும் பண்ணலையே. பத்து நாள் தாண்டினதுனா அப்புறம் கால் கை முழுக்கப் போடலாம்.

அந்தப் பொரி திரும்ப வந்தாலோ, இப்பவே இன்னும் போகலைன்னாலோ தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் கேளுங்க. முதுகுல சின்னச் சின்னப் பட்டையா ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, மூணு நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாப்பாங்க. போகும்போது ஆறு பாட்டிலையும் லேபிளோட எடுத்துட்டுப் போங்க. முழு சேர்மான லிஸ்ட்டைக் கம்பெனிகிட்ட கேக்குறதுக்கு நீங்க தயங்க வேண்டாம், ஒத்துக்காமப் போனதை அவங்களுக்கும் உங்க நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம், பாட்டில்ல அச்சடிச்சிருக்கிற தயாரிப்பு பேட்ச் நம்பர், வாங்கின பில், சிவந்த இடத்தோட ஃபோட்டோ மூணும் கையில இருக்கட்டும்.

சில விஷயத்துக்கு ரெண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. மஞ்சளா பொருக்கு கட்டி நீர் வடிஞ்சா, காய்ச்சலோட சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமா வந்து வலிச்சா அன்னிக்கே போங்க. வீட்ல எல்லாருக்கும் ராத்திரி அரிப்புன்னா அது சிரங்குப் பூச்சியா இருக்கலாம். தோல்ல ஒண்ணும் தெரியாம உடம்பு முழுக்க வாரக்கணக்கா அரிச்சா தைராய்டு, கிட்னி, ஈரல், இரும்புச்சத்து எல்லாம் பாக்கணும், அதுக்கு எந்த க்ரீமும் பதில் இல்ல. லேபிளே இல்லாம யாராவது குடுக்கிற டப்பா ஒரே ராத்திரில சொக்குப்பொடி மாதிரி அடக்கிடுச்சுன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கோன்னு சந்தேகப்படுங்க.

பாப்பா விஷயத்துக்கு வர்றேன். அவளுக்கும் வாசனை இல்லாத ஜெல்லியும் க்ரீமும் போதும், ஆனா யூரியா க்ரீமை அவகிட்ட கொண்டு போகாதீங்க, குழந்தைங்களுக்கு அது நல்லா எரியும், ஒரு தடவை எரிஞ்சா அப்புறம் எந்த க்ரீமைப் பாத்தாலும் ஓடுவா. தானியம், கொட்டை, பால்னு சாப்பிடுற பொருள்ல இருந்து எடுத்ததைச் சேத்த க்ரீமும் வெடிச்ச தோல்ல வேண்டாம், தோல் வழியா அலர்ஜி பழகிடும். ரெண்டு பேருக்கும் டப்பா தனித்தனியா இருக்கட்டும், விரல் விட்டு எடுக்காம சுத்தமான ஸ்பூனால எடுங்க, பம்ப் பாட்டில் கிடைச்சா இன்னும் நல்லது. தடவினதும் பாத்ரூம் தரை வழுக்கும், அவளைப் பிடிச்சுக்கோங்க. இன்னொண்ணு, க்ரீம் ஊறிக் காஞ்ச ட்ரெஸ்ஸும் பெட்ஷீட்டும் சட்டுனு தீப்பிடிக்கும், துவைச்சாலும் முழுசா போகாது, அதனால அந்தத் துணியோட ரெண்டு பேருமே அடுப்பு, மெழுகுவர்த்தி பக்கம் போகாதீங்க.

அவளுக்கு முழங்கை மடிப்புலயும் முட்டி மடிப்புலயும் சிவந்து அரிக்குதான்னு இன்னிக்கு ராத்திரி தடவும்போது ஒரு பார்வை பாருங்க. இருந்தா அது வெறும் வறட்சி இல்ல, எக்ஸிமாவா இருக்கலாம், உங்களுக்கு முன்னாடி அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.